வழியில் நின்றவர்கள்

இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவியருக்கு இரட்சணிய யாத்திரிகம் நடத்திக்கொண்டிருந்தேன். காப்பியத்துக்குள் போகும் முன் அதன் மூலக்கதையைச் சொன்னேன். அழியப்போகும் நகரம் ஒன்றில் வாழும் ஒருவன், முதுகில் பாவச் சுமையோடு, மீட்பின் வழியைத் தேடி வீட்டைவிட்டுப் புறப்படுகிறான். மனைவியும் பிள்ளைகளும் பின்னாலிருந்து கூப்பிடுகிறார்கள். அவன் விரல்களால் காதுகளை அடைத்துக்கொண்டு, நித்திய வாழ்வைச் சொல்லிக் கதறியபடி ஓடுகிறான். இவ்வளவு சொல்லி நிறுத்தியபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"மேடம், அவரு பாட்டுக்குக் காதப் பொத்திக்கினு ஓடிட்டாரு. வீட்ல இருந்த பொண்டாட்டி புள்ளைங்கல்லாம் சோத்துக்கு என்னா பண்ணாங்க?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "அது உருவகம்மா. அந்தப் பாதை நிஜப் பாதை இல்லை, ஆன்மாவின் பயணம்" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். பதில் சரியானதுதான், தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனாலும் ரயிலில் வீடு திரும்பும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உருவகத்துக்குள் ஓடுகிறவனுக்கு முதுகும் சுமையும் காதும் விரலும் இருக்கின்றன. அவன் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு மட்டும் ஏன் வயிறு இருக்கக்கூடாது?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தாமதமாகத் தேடும் பதில்.

கிறிஸ்தவ நம்பிக்கையில் பாதை ஒரு சாதாரணக் குறியீடு அல்ல. யோவான் நற்செய்தியில் இயேசு தம்மையே வழி என்கிறார். மத்தேயு நற்செய்தியில் இரண்டு பாதைகள் வருகின்றன: அகலமானது அழிவுக்கும் இடுக்கமானது வாழ்வுக்கும் இட்டுச் செல்கின்றன. அந்தியோகியாவில் 'கிறிஸ்தவர்' என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே, அந்த நம்பிக்கை 'வழி' என்றும் அதைப் பின்பற்றியவர்கள் அவ்வழியைச் சேர்ந்தவர்கள் என்றும் அழைக்கப்பட்டதை அப்போஸ்தலர் நடபடிகள் காட்டுகிறது. பவுல் மனம் மாறுவது தமஸ்கு செல்லும் சாலையில். அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் தூக்கி எடுப்பது எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் சாலையில்.

தமிழுக்கு இந்தக் குறியீடு அந்நியமாக இல்லை. ஒழுக்கத்தை நெறி என்றோம். நெறிக்கும் வழி என்றே பொருள். ஒரு நூலைத் தழுவி எழும் நூலை வழிநூல் என்றோம். மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் தொல்காப்பியம் ஆளும் 'அதர்' என்ற சொல்லுக்கும் வழி என்பதே பொருள். ஆகவே இரட்சணிய யாத்திரிகத்தை ஜான் பனியனின் ஆங்கில நூலுக்கு வழிநூல் என்று சொல்லும்போது, வழியைப் பற்றிய ஒரு நூல் தமிழின் வழியில் வந்து சேர்ந்தது என்றே சொல்கிறோம்.

அதை எழுதிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் கிறிஸ்தவரானவர். பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த 'நற்போதகம்' இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்த காப்பியம் 1894இல் நூலானது. 3,766 பாடல்கள், ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணியம் என்று ஐந்து பருவங்கள். அவரைக் கிறித்தவக் கம்பர் என்று பாடநூல்கள் அழைக்கின்றன. அந்தப் பட்டத்தை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஆரணிய பருவம் என்ற பெயரைக் கேட்டதும் கம்பனின் ஆரணிய காண்டம் நினைவுக்கு வராமல் இராது. கம்பனின் நாயகனும் நகரத்தைத் துறந்து காட்டுவழி போகிறான். ஆனால் அங்கே ஒரு வாக்குவாதம் நடக்கிறது. நீ இங்கேயே இரு என்று இராமன் சொல்லும்போது சீதை ஒப்புக்கொள்வதில்லை. உன்னைப் பிரிந்திருப்பதைவிடக் காடு கொடுமையானதா என்று கேட்டு, மரவுரி உடுத்து வந்து நிற்கிறாள். அவள் கேட்டது கணவனோடு இருக்கும் உரிமையைத்தான், தனக்கென்று ஒரு பயணத்தை அல்ல. அந்த அளவில் அது நம் விடுதலைக் கதை ஆகாது. ஆனாலும் பாதையில் தனக்கு இடம் உண்டு என்று வாதாடி வென்ற ஒரு பெண்குரல் அங்கே இருக்கிறது. கம்பனிடமிருந்து அணியும் நடையும் காட்டின் பெயரும் கடன் வாங்கிய கிறிஸ்தவக் காப்பியத்தில், நாயகன் பக்கத்தில் சீதையின் இடம் காலியாக இருக்கிறது. குறை கிருஷ்ணபிள்ளையுடையது மட்டுமல்ல. அவர் பின்பற்றிய வழியே அப்படிப் போடப்பட்டிருந்தது.

பனியனின் நூல் 1678இல் வெளிவந்தது. அதில் பெண்களே இல்லை என்று சொல்ல முடியாது. பயணி தங்கும் மாளிகை ஒன்றில் விவேகம், பக்தி, அன்பு என்ற பெயர்களில் கன்னியர் இருக்கிறார்கள். அவனுக்கு உணவு தருகிறார்கள், கவசம் அணிவிக்கிறார்கள். வேறிடத்தில் இன்னொரு பயணியை மயக்கப் பார்க்கும் காமக்கிழத்தி ஒருத்தி வருகிறாள். பெண்கள் நற்குணமாகவோ சோதனையாகவோ பாதையோரத்தில் இருக்கலாம். பாதையில் நடப்பவர்களாக இருக்க முடியாது. அந்த மாளிகையில் அன்பு என்ற கன்னி அவனிடம் கேட்கும் கேள்விதான் முக்கியமானது: மனைவியையும் பிள்ளைகளையும் ஏன் கூட்டிவரவில்லை? அவன் அழுகிறான். எவ்வளவோ சொன்னேன், மனைவிக்கு இவ்வுலகை இழக்க அச்சம், பிள்ளைகளுக்கு இளமையின் விளையாட்டு, என்கிறான். அன்பு அந்தப் பதிலை ஏற்றுக்கொள்கிறது. என் மாணவி ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்த நூலுக்கு வெளியே இன்னொரு பயணம் இருக்கிறது. அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பனியன் 1660இல் பெட்ஃபோர்டு சிறையில் அடைக்கப்பட்டார். 1672 வரை கைதியாக இருந்தார். அவருடைய இரண்டாம் மனைவி எலிசபெத் அப்போது கருவுற்றிருந்தார். கணவரைப் பிடித்துச் சென்ற அதிர்ச்சியில் காலத்துக்கு முன்பே வலி கண்டு, குழந்தை இறந்தது. வீட்டில் முதல் மனைவியின் நான்கு பிள்ளைகள். அவர்களில் ஒரு பெண்ணுக்குக் கண் தெரியாது. அந்த எலிசபெத் மனுவை எடுத்துக்கொண்டு லண்டன்வரை போனார். 1661 ஆகஸ்டில் பெட்ஃபோர்டுக்கு வந்த நீதிபதிகள் முன் நின்று, கணவரின் வழக்கை வாதாடினார். நான்கு சிறு பிள்ளைகள், பிறர் தரும் தருமத்தைத் தவிரப் பிழைக்க வழியில்லை என்றார். விடுதலை கிடைக்கவில்லை.

இதையெல்லாம் பனியனே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அந்தக் குறிப்பு அச்சானது 1765இல்தான். மனைவியை விட்டு ஓடியவனின் பாதை 1678இலேயே உலகுக்குக் கிடைத்துவிட்டது. கணவனுக்காகச் சாலையில் அலைந்தவளின் பாதை அச்சேற மேலும் 87 ஆண்டுகள் ஆயின. வீட்டில் இருந்தவர்கள் சோற்றுக்கு என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு வரலாற்றில் ஒரு பதில் இருந்திருக்கிறது. அது உருவகத்துக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

பனியனுக்கும் அந்தக் கேள்வி உறுத்தியிருக்க வேண்டும். 1684இல் இரண்டாம் பாகம் எழுதினார். கணவன் ஆற்றைக் கடந்து போனபின் மனைவி கிறிஸ்தியானா நான்கு மகன்களையும் மெர்சி என்ற இளம்பெண்ணையும் கூட்டிக்கொண்டு அதே வழியில் புறப்படுகிறாள். வாசலைக் கடந்து கொஞ்ச தூரம் போனதும் இரண்டு பேர் பெண்களை வழிமறித்து வன்முறைக்கு முயல்கிறார்கள். அலறல் கேட்டு வந்து காப்பாற்றுகிறவர் என்ன சொல்கிறார் தெரியுமா? பெண்கள் பலவீனமானவர்கள் என்று தெரிந்தும், வாசலிலேயே ஒரு துணையாளரை ஏன் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை என்கிறார். 340 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வசனம் பழசாகவில்லை. ஸ்டேஷனிலிருந்து கல்லூரிக்கு நடந்துவரும் பெண் ஒருத்தி, யாரோ வண்டியில் உரசிப்போனதாகச் சொல்லி அழுதால் முதலில் எழும் கேள்வி இன்றும் அதுதான்: நீ ஏம்மா தனியா வந்தே?

அதற்கப்புறம் அவர்களுக்கு ஓர் ஆண் காவலர் தரப்படுகிறார். அவர்தான் அரக்கர்களைக் கொல்கிறார். இதோடு நிறுத்தினால் இரண்டாம் பாகத்தை ஒதுக்கிவிடலாம். ஆனால் அங்கே வேறொன்றும் நடக்கிறது. முதல் பாகத்தின் பயணி வேகமானவன். ஒன்றிரண்டு தோழர்களைத் தவிரத் தனியன். கிறிஸ்தியானாவின் கூட்டமோ வழியெல்லாம் வளர்கிறது. ஊன்றுகோலோடு நொண்டி நடப்பவர் சேர்கிறார், மனம் தளர்ந்தவர் சேர்கிறார். குழந்தைகள் களைத்தால் எல்லோரும் நிற்கிறார்கள். சத்திரத்தில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், அங்கேயே கல்யாணம் நடக்கிறது. மிக மெதுவாக நடப்பவரின் வேகமே அந்தக் கூட்டத்தின் வேகம். பெண்ணை மையத்தில் வைத்தவுடன் பாதையின் இலக்கணமே மாறிவிடுவதைப் பனியன் தம்மையறியாமல் எழுதிவிட்டார். தமிழில் நாம் காப்பியமாகப் போற்றிப் பாடத்தில் வைத்திருப்பது வீட்டைவிட்டு ஓடியவனின் பாதையை. கூட்டத்தோடு நடந்தவளின் பாதை நம் பாடத்திட்டத்துக்குள் வரவில்லை.

அந்த மாணவி ஒருநாள் மாலை துறைக்கு வந்து தன் கதையைச் சொன்னாள். அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன். அப்பா வீட்டைவிட்டுப் போய் ஆறு வருடமாகிறது. அம்மா கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். அப்பா வீட்டில் இருந்த காலத்தில் அடி தாங்காமல் அம்மா ஒரு போதகரிடம் போயிருக்கிறார். அவர் ஜெபித்துவிட்டு, இடுக்கமான வழி இப்படித்தான் இருக்கும், பொறுத்து நட சகோதரி, என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.

இங்கேதான் குறியீடு ஆபத்தாகிறது. மத்தேயுவில் இடுக்கமான வழியைப் பற்றிய பேச்சு மலைப்பிரசங்கத்தின் முடிவில் வருகிறது. அதற்கு முந்திய பகுதிகள் பேசுவதெல்லாம் கோபத்தை அடக்குவது, பெண்ணை இச்சையோடு பார்க்காமல் இருப்பது, அடுத்தவரைத் தீர்ப்பிடாமல் இருப்பது ஆகியவற்றை. அதாவது, கை ஓங்குகிறவன் நடக்கவேண்டிய வழி அது. அதை அடிபடுகிறவளின் காலடியில் போட்டு நட என்பது, வேதத்தின் பெயரால் செய்யும் இடமாற்றம். ஏற்கெனவே சந்துபோல ஒடுங்கிய வாழ்க்கை உள்ளவளுக்கு இடுக்கத்தைப் போதிப்பதில் என்ன மீட்பு இருக்கிறது?

திருப்பி அனுப்பப்பட்ட பெண்களின் கதை வேதாகமத்திலேயே இருக்கிறது. ஆபிரகாம் வீட்டு அடிமைப்பெண் ஆகார் கர்ப்பிணியாக, எஜமானியின் கொடுமைக்குத் தப்பி ஓடுகிறாள். சூருக்குப் போகும் வழியில் நீரூற்றருகே தேவதூதர் அவளைக் கண்டு, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறார். வேதத்தில் ஒரு பெண்ணிடம் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்விகளில் அது ஒன்று. ஆனால் அடுத்த வார்த்தை, திரும்பிப் போய் அடங்கி நட என்பது. ஃபிலிஸ் ட்ரிபிள் 1984இல் வெளியிட்ட நூலில் ஆகாரை வேதத்தின் திகில் கதைகளுள் ஒன்றாக வாசித்தார். டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் கறுப்பினப் பெண்களின் அனுபவத்திலிருந்து அவளை மறுபடி வாசித்து, பாலைவெளியில் பிழைத்திருத்தல் என்பதையே ஓர் இறையியலாக்கினார். நான் அதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அந்த வழியில் நின்றுதான் ஆகார் கடவுளுக்குப் பெயர் வைக்கிறாள், தன்னைக் காண்கிறவர் என்று. இரண்டாம் முறை வீட்டிலிருந்து துரத்தப்பட்டபோது அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும்தான் கையில். அந்த முறை யாரும் அவளைத் திரும்பிப் போ என்று சொல்லவில்லை; பாலைவெளியில் ஒரு கிணறு அவள் கண்ணுக்குத் தெரிகிறது. மாணவியின் அம்மாவும் முதல் முறைதான் திரும்பிப் போனார்.

இந்தச் சிக்கல் கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரியதல்ல. திருநின்றவூரிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் வழியில் திருவாலங்காடு வரும். காரைக்கால் அம்மையார் இறைவனின் திருவடிக்கீழ் அமர்ந்ததாகச் சேக்கிழார் சொல்லும் ஊர். அவர் கணவன் கப்பலேறிப் போய்ப் பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்துகொண்டான். தேடிப்போனால் காலில் விழுந்து தெய்வம் என்றான். அப்போது அம்மையார் தசை பொதிந்த அழகை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்று, கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடக்கிறார். பனியனின் பெண்ணுக்குப் பாதை வேண்டுமென்றால் ஆண் காவல் வேண்டும். நம் புராணத்தின் பெண்ணுக்குப் பாதை வேண்டுமென்றால் பெண்ணுடல் போக வேண்டும். இரண்டு மரபுகளும் ஒன்றை ஒப்புக்கொள்கின்றன: பெண்ணுடலோடு ஒருத்தி தனியே பாதையில் இருப்பது முடியாது.

ஆனாலும் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் 'பைபிள் உமன்' என்று அழைக்கப்பட்ட பெண்கள் கையில் வேதப்புத்தகத்தோடு ஊர் ஊராக நடந்தார்கள். பலர் விதவைகள். வீட்டைவிட்டு வெளியே வரமுடியாத பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டினார்கள், எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊதியம் சொற்பம், மரியாதை உபதேசியாருக்கும் வெள்ளைக்கார அம்மாவுக்கும் கீழே. அவர்களைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி மிஷன் அறிக்கைகளில் வேறொருவர் எழுதியது. அவர்களுக்கு வழி உருவகமாக இருக்கவில்லை. முள்ளும் வெயிலும் தெருநாயும் உள்ள மண்பாதையாக இருந்தது. மூலையில் உட்காரவைக்கப்பட வேண்டியவள் என்று ஊர் முடிவுசெய்த ஒரு விதவை, தெருவில் நிமிர்ந்து நடப்பதற்கு அந்த நம்பிக்கை ஒரு காரணத்தைக் கொடுத்தது. கிறிஸ்தவம் இங்கே பெண்களுக்குத் திறந்த வழிகளில் இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

இன்றும் ஒவ்வோர் ஆகஸ்டிலும் சென்னையிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் காவியுடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களில் பெண்கள் நிறைய. செப்டம்பர் 8 திருவிழாவுக்காக 300 கிலோமீட்டருக்கு மேல் நடை. இடுப்பில் குழந்தை, பாதத்தில் கொப்புளம், ஒதுங்க இடம் தேடும் அவஸ்தை எல்லாம் அந்தப் பாதையில் உண்டு. வீட்டைத் துறந்து அல்ல, வீட்டின் வேண்டுதல்களையெல்லாம் தூக்கிக்கொண்டு அவர்கள் நடக்கிறார்கள்.

இப்போது சிலுவைப்பாதைக்கு வருகிறேன். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கக் கோயில்களில் பதினான்கு இடங்களில் நின்று நின்று போகும் வழிபாடு அது. அந்த இடங்களைத் தமிழில் நிலைகள் என்கிறோம். நில் என்பதிலிருந்து வரும் சொல். நடப்பதற்கான பாதை நிற்பதால் ஆகியிருக்கிறது. அந்த நிலைகளில் நான்காவதில் தாய் மகனைச் சந்திக்கிறாள். ஆறாவதில் வெரோணிக்கா முகம் துடைக்கிறாள். எட்டாவதில் எருசலேம் பெண்கள் அழுகிறார்கள். சீடர்கள் பிடிபடும் இரவிலேயே சிதறி ஓடினார்கள். பாதையோரத்திலும் பின்பு சிலுவையடியிலும் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். உயிர்த்தெழுதலின் செய்தியும் முதலில் அவர்களுக்குத்தான் கிடைத்தது. அவர்கள் சொன்னதைச் சீடர்கள் வீண்பேச்சு என்று தள்ளினார்கள். எம்மாவுக்கு நடந்த இரண்டு பேரும் அந்தச் சாட்சியத்தைக் கேட்டுவிட்டுத்தான் எருசலேமைவிட்டு நடந்தார்கள்; வழியில் உடன்வந்தவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. பெண்ணின் சொல்லை நம்பாதவர்களுக்கு, கூடவே நடந்தாலும் கடவுளை அடையாளம் தெரிவதில்லை என்று லூக்கா எழுதியதை நான் வாசிக்கிறேன்.

நின்ற பெண்களைப் புகழ்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. பொறுமையே பெண்ணின் சிலுவை என்று பேசுகிறவர்கள் இந்தக் காட்சியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். நிற்பது வேறு, நிறுத்தப்படுவது வேறு. வெரோணிக்காவை யாரும் அங்கே நிறுத்தவில்லை. அவள் படைவீரர்களைத் தாண்டி உள்ளே வந்தவள். எலிசபெத்தை நீதிபதிகள் முன் யாரும் நிறுத்தவில்லை. அவராகப் போய் நின்றவர். அடிக்கிறவனின் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவள் நிறுத்தப்பட்டவள்.

எங்கள் ஊரின் பெயரிலேயே இந்தக் கதை இருக்கிறது. பக்தவத்சலப் பெருமாள் கோயிலின் தலபுராணத்தின்படி, திருமகள் வைகுண்டத்தைவிட்டு வந்து இங்கே நின்றாள். சமுத்திரராஜன் 'என்னைப் பெற்ற தாயே' என்று கெஞ்சியும் திரும்பிப் போக மறுத்தாள். கடைசியில் பெருமாளே புறப்பட்டு இங்கு வந்தார். தாயாருக்கு இன்றும் அதுவே பெயர். திரு நின்றதால் ஊர் திருநின்றவூர். ஒருத்தி நின்றதால் கடவுள் வழி நடந்துவந்தார் என்று நம்பும் ஊரில்தான், திரும்பிப் போ என்றும் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வழி என்று தம்மை அழைத்துக்கொண்டவர் ஊர் ஊராகப் போனபோது மகதலா மரியாளும் யோவன்னாளும் சூசன்னாளும் உடன் நடந்து, தங்கள் உடைமைகளால் அந்தக் கூட்டத்துக்குச் சோறுபோட்டார்கள் என்று லூக்கா எழுதியிருக்கிறார். சோற்றுக்கு என்ன செய்தார்கள் என்ற கேள்வி உருவகத்துக்கு வெளியே நின்று கேட்டதல்ல, நற்செய்திக்கு உள்ளேயே இருக்கிறது.

அடுத்த வாரம் வகுப்பில் என் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவன் ஓடிப்போன மறுநாள் காலை அந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஆளுக்கொரு பக்கம் எழுதிவரச் சொன்னேன். அந்த மாணவியின் பக்கம் இப்படித் தொடங்கியது: அவள் முதலில் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள், பிறகு பிள்ளைகளை எழுப்பினாள்.